சிப்பிக்குள் ஒரு செடி: கேத்லின் டுரூ பேக்கர் அம்மையாரின் வாழ்வும் ஆய்வும்

நோன்பு துறக்கும் வேளையில் நம் இல்லங்களில் கிண்ணங்களிலே துண்டு துண்டாக நறுக்கி வைக்கப்படும் கடற்பாசியை அறியாதவர் நம்முள் எவருமிலர். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்தால் பளிங்கு போல் உறையும் அப்பொருள் எதிலிருந்து கிடைக்கிறது என்று வகுப்பில் வினவினால், கடலிலிருந்து என்னும் அளவிலேயே விடை நின்றுவிடுகிறது. அது செம்பாசி என்னும் கடற்செடி இனத்தின் உடலிலிருந்து எடுக்கப்படுவது. மண்டபம், இராமேசுவரம் கடற்கரைகளில் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் இவ்வினத்தைச் சார்ந்தவையே. அந்தச் செம்பாசிகளுக்காகவே தம் வாழ்நாள் முழுவதையும் ஒப்படைத்த ஓர் அம்மையாரைப் பற்றியது இக்கட்டுரை.

அவர் இங்கிலாந்தில் பிறந்தவர். ஜப்பான் நாட்டு மண்ணை ஒருநாளும் மிதித்தறியாதவர். ஆயினும் ஜப்பானியக் கடற்கரை ஒன்றில் அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பி, ஆண்டுதோறும் விழா எடுத்து, கடலின் தாய் என்று மீனவர் போற்றுகின்றனர். அவர்தாம் கேத்லின் மேரி டுரூ பேக்கர் அம்மையார். இத்தகைய சிறப்பு அவருக்கு எவ்வாறு வாய்த்தது? அதற்கு அவர் கொடுத்த விலை யாது? இவ்விரண்டையும் நம் மாணவச் செல்வங்கள் அறிந்துகொள்வது நலம்.

செம்பாசியும் சுண்ணாம்பும்

அம்மையாரின் வரலாற்றுக்குள் புகுமுன் செம்பாசியின் இயல்பைச் சிறிது காண்போம். செடிகளுக்குரிய பச்சையம் இவற்றிடமும் உண்டு. எனினும் பைக்கோஎரித்ரின் என்னும் செந்நிறமி மிகுந்து பச்சையை மறைத்துவிடுவதால் இவை சிவந்தும் கருஞ்சிவப்பாகவும் தோன்றுகின்றன. கடலின் ஆழத்திற்கு வந்து சேரும் மங்கிய ஒளியையும் பற்றிக்கொள்ள இந்நிறமியே துணை செய்கிறது.

இவற்றுள் பல இனங்களுக்குச் சுண்ணாம்போடு நெருங்கிய உறவுண்டு. அவ்வுறவு மூவகைப்படும். முதலாவது, தம் செல்களின் சுவர்களிலேயே கால்சைட் என்னும் சுண்ணாம்புப் படிகங்களைப் படியவைத்துக் கல்லைப்போல் இறுகிவிடும் இனங்கள். பவளப்பாசிகள் என்று இவற்றைக் கூறுவர். பவளப்பாறைகளைச் சாந்து பூசியதுபோல் பிணைத்து, அலைகளால் சிதறாமல் காப்பவை இவையே. கல்லாகக் கிடக்கும் இவற்றை லின்னேயசு போன்ற பேரறிஞரும் விலங்கினத்தோடு சேர்த்தே எண்ணினர். 1837ஆம் ஆண்டில் பிலிப்பி என்னும் ஜெர்மானிய அறிஞர் ஆராய்ந்து கூறிய பின்னரே இவை செடியினம் என்பது நிலைபெறலாயிற்று.

இரண்டாவது, செல்லின் உள்ளேயே கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பைச் சிறு சிறு படிகங்களாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும் இனங்கள். நுண்ணோக்கியின் கீழ் இவை ஊசிகள் போலவும் மணிகள் போலவும் மின்னுவதைக் காணலாம். மூன்றாவது வகையோ வியப்புக்குரியது. அது தானாகச் சுண்ணாம்பை உண்டாக்குவதில்லை. சிப்பியும் நத்தையும் கட்டிவைத்த சுண்ணாம்பு ஓட்டைத் துளைத்து, அதனுள் குடியேறி வாழ்கிறது. தனக்கென வீடு கட்டாமல் பிறர் விட்டுச்சென்ற வீட்டில் குடியிருப்பது அது. இந்த மூன்றாம் வகையின் மறைபொருளை உலகுக்கு விளக்கியவரே டுரூ அம்மையார்.

பிறப்பும் கல்வியும்

கேத்லின் டுரூ 1901ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 6ஆம் நாள் இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லங்காஷையர் மாவட்டத்தில் லீ என்னும் ஊரில் பிறந்தார். சால்ஸ்பரி நகரில் பள்ளிக் கல்வி பெற்றார். படிப்பில் சிறந்து விளங்கியமையால் உதவித்தொகை பெற்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. பெண்கள் உயர்கல்வி பெறுதல் அருகியே இருந்த அக்காலத்தில், 1922ஆம் ஆண்டு முதல் வகுப்பில் தேறிப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே முதுகலைப் பட்டமும் அவரை வந்தடைந்தது.

பட்டம் பெற்ற கையோடு அப்பல்கலைக்கழகத்திலேயே தாவரவியல் விரிவுரையாளராக அமர்த்தப்பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. பின்னர், உயரிய உதவித்தொகை ஒன்றைப் பெற்று அமெரிக்கா சென்று, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் ஈராண்டுகள் ஆய்வு மேற்கொண்டார். செடிகளைத் திரட்டுவதற்காக ஹவாய்த் தீவுகள் வரையிலும் சென்று வந்தார். கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய இழைகளாக வளரும் செம்பாசிகளை வகைப்படுத்தி அவர் எழுதிய ஆய்வு நூல் 1928ஆம் ஆண்டில் வெளிவந்தது. இருபத்தேழு வயதில் தம் துறையில் மதிக்கத்தக்க ஓர் இடத்தை அவர் பெற்றுவிட்டார் எனலாம்.

மணமும் பணியிழப்பும்

அதே 1928ஆம் ஆண்டில் அவருடைய வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. மான்செஸ்டரில் இயந்திரப் பொறியியல் கற்பித்துவந்த ஹென்றி ரைட் பேக்கர் என்பாரை அவர் மணந்துகொண்டார். மணமான பெண்களைப் பணியில் வைத்துக்கொள்வதில்லை என்பது அந்நாளில் அப்பல்கலைக்கழகம் கொண்டிருந்த விதி. இத்தகைய தடை அக்கால இங்கிலாந்தில் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பரவலாக இருந்ததுதான். விதிப்படி அவருடைய விரிவுரையாளர் பதவி பறிபோயிற்று. கணவர் தம் ஆசிரியப் பணியைத் தொடர்ந்தார். மனைவி தம் பணியை இழந்தார். அறிவிலோ உழைப்பிலோ குறை கண்டு அவரை நீக்கவில்லை. திருமணம் ஒன்றே காரணமாக நீக்கினர்.

இத்தகைய நிலையில் வேறொருவராயின் மனம் கசந்து ஒதுங்கியிருக்கக்கூடும். அம்மையார் ஒதுங்கவில்லை. சிறிய ஆய்வு உதவித்தொகை ஒன்றைப் பெற்று அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்திற்குத் திரும்பினார். பின்னர் மதிப்புறு ஆய்வாளர் என்னும் நிலையில், பெரும்பாலும் ஊதியமின்றியே, தம் இறுதிக்காலம் வரை அங்கே உழைத்தார். ஒரு மகனும் ஒரு மகளுமாக இரு குழந்தைகளை வளர்த்தார். இல்லறக் கடமைகளுக்கிடையே 1939ஆம் ஆண்டில் அறிவியல் முனைவர் என்னும் உயர் பட்டத்தையும் பெற்றார்.

அவருடைய கணவரைப் பற்றியும் இங்கு ஒரு சொல் கூறவேண்டும். மான்செஸ்டர் கடற்கரை நகரமன்று. கடற்செடிகளோ, நாளும் ஏறி இறங்கும் ஓதத்தில் நனைந்தும் உலர்ந்தும் வாழ்பவை. அவற்றை ஆய்வுக்கூடத்தில் உயிரோடு வைத்திருப்பது எவ்வாறு? பொறியியல் அறிந்த அவர், கடலின் ஏற்றவற்றத்தைப் போலவே நீர் உயர்ந்து தாழும் தொட்டி ஒன்றைத் தம் மனைவிக்காகச் செய்து கொடுத்தார். மனைவியின் அறிவைத் தம் வீட்டின் பெருமையாகக் கருதிய கணவர் அவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஜப்பானியரின் நல்வாய்ப்புப் பயிர்

இனி, உலகின் மறுகோடிக்குச் செல்வோம். ஜப்பானியரின் உணவில் நோரி என்னும் கடற்செடிக்குத் தனியிடம் உண்டு. போர்ஃபைரா என்னும் செம்பாசியைப் பறித்து, நறுக்கி, காகிதம் செய்வதுபோல் மெல்லிய தாள்களாகப் பரப்பி உலர்த்தி எடுப்பதே நோரி. சோற்றை அதில் சுருட்டி உண்பர். இதன் இலை ஒரு செல், அல்லது இரு செல் அளவே தடிப்புடையது. வேல்ஸ் நாட்டுக் கடற்கரை மக்களும் இச்செடியின் உறவினத்தை வேகவைத்து உண்பது வழக்கம்.

ஜப்பானிய மீனவர் பல நூற்றாண்டுகளாக இதனைப் பயிர் செய்துவந்தனர். ஆழமில்லாக் கடலில் இலையுதிர் காலத்தில் மூங்கில் கழிகளையும் மரக்கிளைகளையும் நட்டு வைப்பர். பிற்காலத்தில் வலைகளையும் கட்டினர். சில வாரங்களில் அவற்றின்மீது செடி முளைக்கும். குளிர்காலம் முழுவதும் அறுவடை நடக்கும். கோடை வந்ததும் செடி முற்றாக மறைந்துவிடும். மீண்டும் இலையுதிர் காலத்தில் எங்கிருந்தோ முளைக்கும்.

எங்கிருந்து முளைத்தது? இவ்வினாவுக்கு விடை கூற எவராலும் இயலவில்லை. விதை எது, அது கோடையில் எங்கே இருக்கிறது என்பது தெரியாமலேயே தலைமுறை தலைமுறையாக உழவு நடந்தது. நம் உழவர் விதை நெல்லைக் கோட்டை கட்டிக் காப்பர். நோரி உழவருக்கோ காப்பதற்கு விதையே இல்லை. கடல் கொடுத்தால் விளைச்சல், கொடாவிட்டால் பட்டினி. ஆகையால் அதனை நல்வாய்ப்புப் பயிர் என்றும் சூதாட்டப் பயிர் என்றும் அவர்கள் அழைத்துவந்தனர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜப்பான் வறுமையில் உழன்ற காலம் அது. 1940களின் பிற்பகுதியில் சூறாவளிகளும் கடலோர மாசும் சேர்ந்து நோரி விளைச்சலைச் சிதைத்தன. வலைகள் வெறுமையாகவே நின்றன. கடலை நம்பியிருந்த குடும்பங்கள் கதியற்றுப் போயின. அவர்களுக்கு உதவத்தக்க அறிவு அப்போது உலகில் எங்கும் இல்லை. ஆயின் மான்செஸ்டரில், ஊதியமில்லாத ஓர் ஆய்வாளரின் தொட்டியில் அது உருவாகிக்கொண்டிருந்தது.

சிப்பி ஓட்டின் மறைபொருள்

டுரூ அம்மையார் நோரியைக் காக்கவேண்டும் என்று ஆய்வு தொடங்கவில்லை. இங்கிலாந்துக் கடற்கரைகளில் வளரும் போர்ஃபைரா இனம் ஒன்றின் வாழ்க்கைச் சுற்று எத்தகையது என்று அறிவதே அவர் நோக்கம். அச்செடி முதிர்ந்ததும் வித்துத்துகள்களை நீரில் வெளிவிடும். அத்துகள்கள் மீண்டும் செடியாக வளராமல், மெல்லிய இழைகளாகச் சிறிது வளர்ந்து நின்றுவிடும். அதற்குமேல் என்ன நிகழ்கிறது என்பதே புதிர்.

அம்மையார் அத்துகள்கள் விழுந்து முளைப்பதற்குச் சிப்பி ஓடுகளை இட்டு வைத்தார். அதனால் புதிர் அவிழத் தொடங்கியது. துகளிலிருந்து முளைத்த இழை ஓட்டின் சுண்ணாம்பைத் துளைத்து உட்புகுந்தது. உள்ளே கிளைத்துப் பரவி, ஓட்டின்மேல் இளஞ்சிவப்புப் புள்ளிகளாகவும் திட்டுகளாகவும் தோன்றியது. நுண்ணோக்கியில் அதனைக் கண்ட அம்மையாருக்கு அது புதிய செடியாகத் தோன்றவில்லை. அவர் முன்னரே அறிந்த ஒன்றாகவே இருந்தது.

1892ஆம் ஆண்டில் பேட்டர்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் சிப்பி ஓடுகளுக்குள் வாழும் இளஞ்சிவப்புப் பாசி ஒன்றைக் கண்டு, அதற்குக் கான்கோசெலிஸ் ரோசியா என்று பெயரிட்டிருந்தார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அது தனியொரு செடியாகவே நூல்களில் இடம்பெற்றுவந்தது. பாறையில் படர்ந்து அலையிலே ஆடும் போர்ஃபைரா வேறு, ஓட்டுக்குள் ஒளிந்து வாழும் கான்கோசெலிஸ் வேறு என்றே அறிஞர் அனைவரும் நம்பியிருந்தனர். இரண்டும் வேறல்ல, ஒரே செடியின் இருவேறு பருவங்களே என்பதை டுரூ அம்மையார் கண்டறிந்தார். புழுவும் வண்ணத்துப் பூச்சியும் ஒன்றே என்று முதன்முதலில் உணர்ந்தவனுக்கு எத்தகைய வியப்புத் தோன்றியிருக்குமோ, அத்தகையது இது.

இக்கண்டுபிடிப்பை அவர் 1949ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நேச்சர் என்னும் புகழ்பெற்ற இதழில் ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டார். ஆரவாரம் ஏதுமில்லை. கோடையில் நோரிச் செடி எங்கே போகிறது என்னும் பழம்பெரும் வினாவுக்கு அக்குறிப்பிலே விடையிருந்தது. அது எங்கும் போகவில்லை. கடலடியில் கிடக்கும் சிப்பி ஓடுகளுக்குள், சுண்ணாம்புச் சுவர்களின் காவலில், கண்ணுக்குத் தெரியாத இழையாகக் கோடையைக் கழித்துக்கொண்டிருந்தது.

கடல் கடந்த பயன்

இச்செய்தி ஜப்பானை எட்டியது. கியூஷூ பல்கலைக்கழகத்தில் கடற்பாசி ஆய்வில் ஈடுபட்டிருந்த சோகிச்சி செகாவா என்பார் அதன் பெருமையை உடனே உணர்ந்தார். ஜப்பானிய ஆய்வாளர் தம் நாட்டு நோரி இனங்களைக்கொண்டு அதே சோதனையைச் செய்தனர். அங்கும் விளைவு அதுவே. அம்மையார் கண்டது சுற்றின் முற்பாதி. ஓட்டுக்குள் வாழும் இழையிலிருந்து, இலையுதிர் காலத்தில் நீர் குளிர்ந்து பகற்பொழுது குறுகும்போது, வேறுவகை வித்துத்துகள்கள் வெளிப்பட்டு அவையே மீண்டும் நோரி இலையாக வளர்கின்றன என்னும் பிற்பாதியை ஜப்பானியர் நிறைவு செய்தனர்.

குமமோட்டோ மாநில மீன்வள ஆய்வு நிலையத்தைச் சார்ந்த ஃபூசாவோ ஓட்டா என்பாரும் அவருடைய துணைவரும் 1953ஆம் ஆண்டளவில் இவ்வறிவை உழவு முறையாக மாற்றினர். அம்முறை எளிமையானது. இளவேனிற் காலத்தில் சிப்பி ஓடுகளைத் தொட்டி நீரில் இட்டு, அவற்றின்மீது நோரியின் வித்துத்துகள்களை விழச் செய்வர். கோடை முழுவதும் ஓடுகளுக்குள் இழை வளரும். இலையுதிர் காலத்தில் ஓடுகளிலிருந்து வித்துத்துகள்கள் வெளிப்படும்போது வலைகளை அந்நீரில் நனைத்து அவை பற்றிக்கொள்ளுமாறு செய்வர். பின்னர் அவ்வலைகளைக் கடலில் கட்டிவிட்டால் விளைச்சல் உறுதி. விதையில்லாமல் கலங்கிய உழவர் கைக்கு விதை வந்து சேர்ந்தது. சூதாட்டம் வேளாண்மையாக மாறியது.

1960களில் நோரி விளைச்சல் பெருகி, ஜப்பானின் கடல்சார் தொழில்களுள் சிறந்த ஒன்றாக ஓங்கியது. கொரியாவும் சீனாவும் இம்முறையைக் கைக்கொண்டன. இன்றைக்கும் இத்தொழிலின் அடிப்படை சிப்பி ஓடுதான். அறிவியலார் அச்செடியின் பெயரை அண்மைக்காலத்தில் மாற்றியுள்ளனர். வளர்க்கும் கருவிகளும் மாறியுள்ளன. ஆயினும் ஓட்டுக்குள் இழை, இழையிலிருந்து வித்து, வித்திலிருந்து இலை என்னும் வரிசை அம்மையார் காட்டிய வழியிலேயே நடைபெற்று வருகிறது.

மறைவும் நினைவும்

1952ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்பாசியியல் கழகம் உருவாவதற்கு லில்லி நியூட்டன் என்னும் அறிஞரோடு சேர்ந்து பாடுபட்ட அம்மையார், அதன் முதல் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். மணமான குற்றத்திற்காக விரிவுரையாளர் பதவியைப் பறிகொடுத்தவரைத் துறை வல்லுநர் தம் தலைவராக ஏற்றுக்கொண்டனர் என்பது எண்ணத்தக்கது. வாழ்நாளில் ஏறத்தாழ ஐம்பது ஆய்வுக் கட்டுரைகளை அவர் எழுதினார்.

1957ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 14ஆம் நாள் புற்றுநோயால் அவர் மறைந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. ஜப்பானில் நோரி வேளாண்மை கண்ட பெருவளர்ச்சியை முழுமையாகக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. அக்கண்டுபிடிப்பால் அவருக்குச் செல்வமும் சேரவில்லை.

ஆனால் ஜப்பானிய மீனவர் நன்றி மறந்தாரில்லர். கியூஷூ தீவில் குமமோட்டோ மாநிலத்தின் ஊட்டோ நகரையடுத்த சுமியோஷியில், ஆரியாகேக் கடலை நோக்கிய இடத்தில், 1963ஆம் ஆண்டு அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பினர். நோரி உழவர் தந்த பொருளாலேயே அது எழுந்தது. ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆம் நாள், அறுவடைக் காலம் முடிந்ததும், அங்கே கூடி அவரை நினைவு கூர்கின்றனர். தாம் முகம் பாராத, தம் மொழி பேசாத, தம் நாட்டுக்கு வராத ஒரு பெண்மணியைத் தாய் என்று அவர்கள் அழைப்பதைக் காணும்போது, அறிவுக்கு எல்லைக் கோடில்லை என்னும் உண்மை நம் உள்ளத்தில் பதிகிறது.

நிறைவாக

இவ்வரலாற்றை ஒரு மலரில் எழுதவேண்டுமென்று எனக்குத் தோன்றியதற்குத் தனிக் காரணம் உண்டு. இறுதியாண்டுத் தேர்வுக்குச் சில திங்களே இருக்கையில், திருமண அழைப்பிதழைக் கையில் ஏந்தி ஆசிரியர் அறை வாயிலில் வந்து நிற்கும் மாணவியரைப் பல ஆண்டுகளாகக் கண்டுவருகிறேன். அழைப்பிதழை வாங்கி வாழ்த்தியபின், தேர்வு எழுத வருவாயா அம்மா என்று கேட்பேன். அவங்க வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் சார் என்னும் விடையோடு சென்றவர்களுள் பலர் திரும்பி வந்ததில்லை. அவர்களுள் வகுப்பில் முதன்மை பெற்றோரும் உண்டு. அவர்களைத் தடுக்கும் எழுதப்பட்ட விதி எதுவும் இங்கில்லை. எழுதப்படாத விதி போதுமானதாக இருக்கிறது.

மான்செஸ்டரில் அன்று விதியிருந்தும், ஆய்வுக்கூடத்தின் ஓரத்தில் ஓரிடமும் வீட்டில் ஒரு துணையும் அம்மையாருக்குக் கிடைத்தன. அவ்விரண்டும் கிடைத்தமையால் ஒரு நாட்டின் கடற்கரை மக்களுக்கு வாழ்வு கிடைத்தது. அவை கிடைத்திராவிடில் இழந்திருப்பவர் அவர் மட்டுமல்லர். அவர் பெயரையே அறியாத ஆயிரக்கணக்கான மீனவக் குடும்பங்களும்தாம். நம் வீடுகளில் படிப்பை நிறுத்திய பெண்களால் யாருக்கு என்ன நன்மை வராமற் போயிற்று என்பதை நாம் ஒருபோதும் அறியப்போவதில்லை. அதனாலேயே அந்த இழப்பு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சமுதாயப் பெரியோர்களுக்கு என் பணிவான வேண்டுகோள் ஒன்றே. மகளுக்கும் மருமகளுக்கும் மணவாழ்க்கையோடு நூலும் ஏடும் தொடர இடம் கொடுங்கள். ஹென்றி பேக்கர் செய்து கொடுத்த தொட்டியைப்போல் பெரிய பொருள் எதுவும் வேண்டா. தேர்வு நாளில் பேருந்தேற்றி அனுப்பினாலே போதும்.

மாணவியருக்கு நான் கூறுவது இது. செடி கோடையில் அழிந்துவிட்டதென்று ஊரார் எண்ணினர். அது ஓட்டுக்குள் உயிரோடு இருந்தது. பருவம் வந்ததும் வெளிவந்தது. படிப்பு நின்று ஓராண்டு ஆயினும் பத்தாண்டு ஆயினும், உங்களுக்குள் அது இருக்கிறது. துறையின் கதவும் திறந்தே இருக்கிறது. எழுதாமல் விட்ட தாளை எழுத வாருங்கள்.